வேர்க்கடலை சாத்தே சாஸ்: தாய்லாந்து ருசியை வீட்டிலேயே கொண்டு வருவது எப்படி?

தாய்லாந்து உணவகங்களில் குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியோடு, சின்னக் கிண்ணத்தில் ஒரு செம்பழுப்பு நிறக் குழம்பு வருமே, அதுதான் சாத்தே சாஸ். இனிப்பு, உப்பு, லேசான புளிப்பு, பின்னாலேயே மெல்ல ஏறும் காரம். வறுத்த வேர்க்கடலை, தேங்காய்ப்பால், புளி, வெல்லம் என்று பார்த்தால் பாதிப் பொருள் நம்ம சமையலறையிலேயே இருக்கிறது.

பீநட் பட்டரில் சோயா சாஸையும் சர்க்கரையையும் கலக்கினால் ஐந்து நிமிடத்தில் ரெடி என்று பல வீடியோக்கள் சொல்கின்றன. அதுவும் ஒரு சாஸ்தான். ஆனால் தாய்லாந்து ருசி வராது. காரணம் கடலை இல்லை, தேங்காய்ப்பால்.

சாத்தே எங்கிருந்து வந்தது?

சாத்தேவின் பிறப்பிடம் இந்தோனேசியாவின் ஜாவா தீவு என்பதே பொதுவான கருத்து. அங்கிருந்து மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று பரவியது. தமிழின் 'சதை' என்ற சொல்தான் 'சாத்தே' ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. கேட்க நமக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல அது.

வேர்க்கடலைக்குத் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக ஆசியாவுக்கு வந்தது. நம்ம ஊரில் அதற்கு 'மணிலாக்கொட்டை' என்றும் பெயர் இருப்பதைக் கவனித்தால், பிலிப்பைன்ஸின் மணிலா அந்தப் பயணத்தில் எங்கோ இருப்பது புரியும். விழுப்புரம், கடலூர் பக்கம் அதுவே 'மல்லாட்டை'.

தாய்லாந்துக்குப் போன சாத்தே அங்கே உள்ளூர் குணத்தைப் பிடித்துக்கொண்டது. தேங்காய்ப்பால் கூடியது, கறி பேஸ்ட் உள்ளே வந்தது. அங்கே அதிகம் விற்பது பன்றி இறைச்சி சாத்தே. பக்கத்தில் 'அஜாத்' என்ற வெள்ளரிக்காய் ஊறல் கட்டாயம் இருக்கும்.

என்னென்ன வேண்டும்?

நான்கு பேருக்கான அளவு இது.

வேர்க்கடலை 100 கிராம், தேங்காய் ஒன்று, ரெட் கறி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன், பொடித்த வெல்லம் 2 டேபிள்ஸ்பூன், கெட்டியான புளிக்கரைசல் 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். அசைவம் சாப்பிடுபவர்கள் உப்புக்குப் பதில் 1 டேபிள்ஸ்பூன் ஃபிஷ் சாஸ் சேர்க்கலாம்.

தாய்லாந்தில் வெல்லத்துக்குப் பதில் பனை அல்லது தென்னைச் சர்க்கரை போடுவார்கள். அது வெளிர் நிறத்தில், மென்மையாக இருக்கும். நம்ம கருப்பட்டியும் பனையிலிருந்துதான் வருகிறது என்றாலும் அதன் நிறமும் வாசனையும் அழுத்தம். முழுக்க அதையே போட்டால் சாஸ் கருத்து, கருப்பட்டி ருசியே தூக்கலாக நிற்கும். வெளிர் நிற வெல்லமே நல்லது.

பேஸ்ட்டை வீட்டிலேயே அரைக்கலாமா?

தாராளமாக. ஊறவைத்த காய்ந்த மிளகாய் 6 (காஷ்மீரி மிளகாய் என்றால் நிறம் வரும், காரம் அடங்கும்), சின்ன வெங்காயம் 5, பூண்டு 4 பல், லெமன் கிராஸ் ஒன்றின் அடித்தண்டு, பேரரத்தை சின்னத் துண்டு, கொத்தமல்லி வேர் இரண்டு, வறுத்த தனியா 1 டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன். எல்லாவற்றையும் தண்ணீர் அதிகம் விடாமல் மைய அரைக்க வேண்டும். கொத்தமல்லிக் கட்டு வாங்கினால் வேரைத் தூக்கிப் போடாதீர்கள், வாசனை முழுக்க அதில்தான். பேரரத்தை கிடைக்காவிட்டால் இஞ்சி போடலாம், கொஞ்சம் வேறு ருசி வரும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ந்த அரத்தை இதற்குச் சரிவராது, மருந்து வாடை அடிக்கும்.

செய்வது எப்படி?

முதலில் கடலை. தோலோடு அடி கனமான கடாயில் சிறு தீயில் பொறுமையாக வறுங்கள். தோல் வெடித்து, உள்ளே பொன்னிறம் வந்ததும் இறக்கி, ஆறியபின் தேய்த்துப் புடைத்தால் தோல் போய்விடும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிப் பொடியுங்கள். ரவை மாதிரி, அங்கங்கே குருணையாக இருக்கணும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும். வறுக்கும் முன்பே கருத்தது, சுருங்கியது, பூஞ்சை வாடை அடிப்பதைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கெட்டுப்போன கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுதாக அழியாது.

அடுத்து தேங்காய்ப்பால். முதல் பால் ஒரு கப், இரண்டாம் பால் ஒரு கப் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம்ம பழக்கத்துக்கு நேர் எதிரான வேலை. சொதி வைக்கும்போது முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குவோம். திரிந்துவிடக் கூடாதே என்ற பயம். தாய் சமையலில் முதல் பால்தான் முதலில் கடாய்க்குப் போகும், அதுவும் வேண்டுமென்றே திரிய வைப்பார்கள். பாதிக் கப் முதல் பாலை அகலமான கடாயில் ஊற்றி, மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற, சலசலவென்ற சத்தம் மாறி பொரிகிற சத்தம் கேட்கும். ஓரங்களில் தெளிந்த எண்ணெய் பிரியும். ஆறேழு நிமிடம் ஆகலாம். பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

பிரிந்த அந்த எண்ணெயில்தான் கறி பேஸ்ட் வதங்க வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் பச்சை வாசனை போய், எண்ணெய் சிவப்பாகும். மசாலாவின் நிறமும் மணமும் கொழுப்பில் கரைந்து இறங்குவது இந்த நேரத்தில்தான். பீநட் பட்டர் குறுக்குவழியில் தொலைந்து போவதும் இதுதான்.

டப்பா, பாக்கெட் தேங்காய்ப்பால் பயன்படுத்தினால் எண்ணெய் பிரியாமல் அடம் பிடிக்கலாம். பால் பிரியாமல் இருக்கவே அவற்றில் சில பொருட்கள் சேர்த்திருப்பார்கள். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுப் பேஸ்ட்டை வதக்கினால் போதும்.

பிறகு இரண்டாம் பால், மீதி முதல் பால், கடலைப் பொடி, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிடம். கரண்டியை விடாமல் கிளறுங்கள், கடலை அடிப்பிடிக்கும். மேலே சிவப்பு எண்ணெய் மிதக்கும்போது புளிக்கரைசல் ஊற்றி, இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் கெட்டியாகும், அதனால் தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே அடுப்பை அணைக்கணும்.

ருசி பார்க்கும்போது இனிப்பும் உப்பும் முதலில் தெரிந்து, புளிப்பு பின்னால் வர வேண்டும். புளி முன்னால் வந்தால் துளி வெல்லம் சேருங்கள்.

இது சைவமா?

பலர் ஏமாறும் இடம் இது. கடலையும் தேங்காயும்தானே என்று நினைப்போம். ஆனால் கடையில் விற்கும் ரெட் கறி பேஸ்ட் பலவற்றில் இறால் விழுது இருக்கும். உணவகத்தில் செய்யும் சாஸில் ஃபிஷ் சாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். சைவம் சாப்பிடுபவர்கள் பாக்கெட்டில் பச்சைக் குறியைப் பார்த்து வாங்குங்கள், உணவகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

யார் சாப்பிடக் கூடாது?

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் ஒரு துளிகூடத் தொடக்கூடாது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் ஒவ்வாமை போகாது. சாஸில் கடலை மறைந்திருப்பதால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. வீட்டுக்கு விருந்தினர், குறிப்பாகக் குழந்தைகள் வந்தால் பரிமாறும் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டதும் உடலில் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எதோடு சாப்பிடலாம்?

மஞ்சள்தூள், தனியாத்தூள், தேங்காய்ப்பாலில் ஊறவைத்துச் சுட்ட சிக்கன்தான் நம்ம ஊருக்கு எளிது. பனீர், காளான், டோஃபு எல்லாமே பொருந்தும். மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் கருகாது. டோஸ்ட் செய்த பிரெட்டைத் தொட்டுச் சாப்பிடுவதும் தாய்லாந்து வழக்கம்தான்.

அஜாத்துக்கு கால் கப் வினிகரில் 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சூடாக்கி ஆறவைத்து, மெல்லிசாக நறுக்கிய வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், மிளகாய் மேல் ஊற்றினால் போதும். சாஸின் கொழுப்பை இந்தப் புளிப்புதான் வெட்டும், அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

மீந்த சாஸை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நம்ம வெயிலுக்குத் தேங்காய்ப்பால் சீக்கிரம் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரை தாங்கும். எடுத்ததும் கட்டியாக இருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சிறு தீயில் நன்றாகச் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.