குமரி மாவட்டக் கால்பந்து: அரங்கமும் கடற்கரையும்

குமரி மாவட்டத்தின் முதன்மை விளையாட்டுத் திடல், நாகர்கோவிலிலுள்ள அண்ணா விளையாட்டரங்கம். அதைக் காணச் செல்வோர் மாவட்டக் கால்பந்தின் ஒரு பாதியையே காண்பர்.

மறுபாதி, கேரள எல்லையை ஒட்டிய தூத்தூர் வட்டார மீனவ ஊர்களில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் இணைந்தது. எல்லை மாறினாலும் கால்பந்து மீதான பற்று மாறவில்லை. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2017-18 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்கு ஆடினார். பின்னர் ஜாம்ஷெட்பூர், ஏடிகே அணிகளுக்காக இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடினார்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இவ்வூர்களின் மீனவர் பலரைப் பலிகொண்டது. கடலரிப்பு கரையையும் குறைத்து வருகிறது. ஆட்டக்காரர்களை வளர்க்கும் கடற்கரைத் திடல்கள் அழிந்தால், நகரத்து அரங்கில் விளையாட ஆளிருக்காது.