பழைய சீக்கோ அசலா? எண்ணைப் பாருங்கள்

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வாரச் சந்தையிலோ இணையத்திலோ பழைய சீக்கோ 5 கைக்கடிகாரம் வாங்குவோர், பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட வேண்டாம். அது அசலா என்பதற்கு எண்களே சாட்சி.

பின்மூடியில் 7009-3040 என்பது போல ஓர் எண் இருக்கும். முன்பகுதி இயந்திரத்தின் எண். பின்பகுதி கூட்டின் எண். மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இயந்திரத்திலும் 7009 இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால், அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது.

1970, 80ஆம் ஆண்டுகளின் கடிகாரங்களில் ஆறு இலக்க வரிசை எண்ணும் உண்டு. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 83 என்று தொடங்கினால் 1978 அல்லது 1988 மார்ச்.

முகப்பில் எழுத்துகள் தடித்தோ கோணலாகவோ இருந்தால், அது மறுபடி சாயம் பூசியதாக இருக்கலாம். அதைவிட, நிறம் மங்கிய அசல் முகப்புக்கே மதிப்பு அதிகம். எண் பொருந்தாததற்கு அசல் விலை கொடுக்காதீர்கள்.

வீட்டில் தாத்தாவோ அப்பாவோ கட்டிய கடிகாரம் இருந்தால் அதற்கும் இதே விதிதான். முகப்புக்குச் சாயம் பூசவோ கூட்டைத் தேய்த்து மெருகேற்றவோ கொடுக்காதீர்கள். இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டாலே போதும்.