வேக விண்ட்சர்ஃபிங்

வேக விண்ட்சர்ஃபிங் என்பது பாய் பொருத்திய பலகையில் நின்று, அளந்து குறித்த நேர்கோட்டுத் தொலைவை மிகக் குறைந்த நேரத்தில் கடக்க முயலும் நீர் விளையாட்டு. விண்ட்சர்ஃபிங்கின் ஒரு பிரிவு. முதன்மையான அதிகாரபூர்வச் சாதனைக்கு 500 மீட்டர் ஓட்டத்தின் சராசரி வேகமே கணக்கு. அது நாட் என்னும் அலகில் (1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ.) குறிக்கப்படும். உலகப் பாய்மர வேகச் சாதனைக் குழு இவற்றைச் சரிபார்க்கிறது.

பலத்த காற்றும் அலையற்ற நீரும் ஒரே இடத்தில் அமைவது அரிது; இத்துறையின் அடிப்படைச் சிக்கல் இதுவே. திறந்த கடலில் காற்று வலுத்தால் அலையும் எழும். சிற்றலைகூடப் பலகையைத் துள்ளவைத்து வேகத்தைக் குறைக்கும். ஆகவே கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும் கடற்கரைகளில், கரையை ஒட்டியே ஓடுவர். அல்லது கரையோரத்தில் ஒடுங்கிய கால்வாய் வெட்டுவர். காற்று பக்கவாட்டில் சற்றுப் பின்னிருந்து வீசும்போது உச்ச வேகம் கிட்டும். பலகை மிகக் குறுகலானது. காற்றின் இழுவையைத் தாங்க, ஓட்டுநர் உடலில் கூடுதல் எடை அணிவதுண்டு.

1986இல் கானரித் தீவுகளின் ஃபுவெர்தெவெந்துராவில் பாஸ்கல் மக்கா 38.86 நாட் எட்டி, பாய்மரக் கலங்கள் அனைத்தையும் விஞ்சினார். 1988இல் பிரான்சின் செயின்ட் மரீ கால்வாயில் எரிக் பீல் 40 நாட்டைக் கடந்தார்; எந்தப் பாய்மரக் கலமும் அதற்குமுன் அதைத் தாண்டியதில்லை. நமீபியாவின் லூடெரிட்ஸ் கால்வாயில் 2015இல் அன்டுவான் அல்போ 53.27 நாட் (மணிக்கு 98.66 கி.மீ.) பதிவு செய்தார்.