இருட்டு அடுக்களையும் ஃபிரோஸாபாத் டம்ளர்களும்

2013-ல் ஆக்ராவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தபோது, "தாஜ்மஹால் ஊர், கொடுத்து வைத்தவன்யா" என்று கிளையில் எல்லாரும் கை கொடுத்தார்கள். வாடகைக்குக் கிடைத்ததோ ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் தரைத்தளத்துப் பின்பக்க வீடு. சமையலறைக்கு வெளிச்சம் வர ஒரே ஒரு வென்டிலேட்டர். அதைத் திறந்தால் இரண்டடி தள்ளி பக்கத்து வீட்டுச் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட வேண்டும். உள்ளே நுழைந்ததும் தங்கமணி கேட்ட முதல் கேள்வி: "இது அடுக்களையா, உங்க பேங்க் லாக்கர் ரூமா?"

பாஷை தெரியாத ஊர், பேச ஆள் கிடையாது, நாளில் பாதிப் பொழுது அந்த லாக்கர் ரூமில். மூன்றே மாதத்தில் "பையனைக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிடறேன்" என்ற பேச்சு வந்துவிட்டது. விளையாட்டுப் பேச்சு இல்லை. ரயில் டிக்கெட் வரைக்கும் விசாரித்தாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டாக் இன்ஸ்பெக்ஷனுக்காக ஃபிரோஸாபாத் போனேன். ஆக்ராவிலிருந்து கிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர். நம் வீட்டுப் பெண்கள் கையில் போடும் கண்ணாடி வளையலில் பெரும்பங்கு இந்த ஒரே ஊரிலிருந்து வருகிறது. வளையலோடு விளக்கு, பாட்டில், டம்ளர் எல்லாம் உண்டு. திரும்பும்போது கடைத்தெருவில் நீலம், பச்சை, தேன் நிறம் என்று ஆறு டம்ளர் வாங்கினேன். (காசு கொடுத்துத்தான். விஜிலன்ஸ்காரர்கள் யாராவது படித்தால் கவனிக்கவும்.) கலர் கலராக அடுக்கி வைத்தால் அடுக்களை பளிச்சென்று ஆகும் என்று கணக்கு.

கணக்கு தப்பு. ஷெல்ஃபில் வைத்ததும் நீலம் கறுப்பாகத் தெரிந்தது, பச்சை அழுக்காகத் தெரிந்தது. "இருக்கிற வெளிச்சத்தையும் இது குடிச்சிடுதே" என்றாள் தங்கமணி. ஆனால் பழைய சாமான் கடையில் பத்து ரூபாய்க்கு, ஏழாவதாக, ஒரு பழைய டம்ளரும் வாங்கியிருந்தேன். மேல்பூச்சு மயில்கழுத்து மாதிரி, மழைக்காலத்தில் ரோட்டில் எண்ணெய் சிந்தினால் தெரியுமே, அந்த மாதிரி. அது மட்டும் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் தகதகவென்று நின்றது. ஏன் இது மட்டும் என்று தேடப் போய்த்தான் இவ்வளவு கதையும் கிடைத்தது.

முதலில் கொஞ்சம் கெமிஸ்ட்ரி (பி.காம். படித்தவன் சொல்வதால் சிம்பிளாகவே இருக்கும்). மணல், சோடா சாம்பல், சுண்ணாம்பு மூன்றையும் உருக்கினால் கண்ணாடி. மணலில் இரும்பு கலந்திருந்தால் பச்சை ஏறும். நிறமே இல்லாத கண்ணாடி செய்வதுதான் உண்மையில் சிரமம். நீலத்துக்கு கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீஸ், மயில்நீலத்துக்குத் தாமிரம். இந்த வித்தை நமக்குப் புதுசும் இல்லை. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கலர் கண்ணாடி மணி செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியது பள்ளிக்கூடப் பாடத்திலேயே உண்டு.

ஆனால் உள்ளே நிறம் ஏறிய கண்ணாடி அழகாகத் தெரிய, பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். அதற்கு ஜன்னல் வேண்டும். என் வீட்டில் இல்லாதது அதுதான்.

அந்த ஏழாவது டம்ளரின் சங்கதி வேறு. சூடாக இருக்கும்போதே கண்ணாடி மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும். முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தையே அது பல நிறமாகத் திருப்பி அனுப்பும். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று போதும். அமெரிக்காவில் டிஃபனி செய்த இந்த மாதிரிக் கண்ணாடி பணக்காரர்கள் மட்டும் வாங்கக் கூடியது. 1907-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஃபென்டன் கம்பெனி, அச்சில் அழுத்திய மலிவுக் கண்ணாடியில் அதே பளபளப்பைக் கொண்டு வந்தது. ஏழைகளின் டிஃபனி என்றே பெயர். பிற்பாடு திருவிழா ஸ்டால்களில் பரிசாகக் கொடுத்ததை வைத்து 'கார்னிவல் கிளாஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1929-ல் பங்குச்சந்தை விழுந்த பிறகு அங்கே இன்னொரு கூத்து. இளஞ்சிவப்பு, பச்சை, தேன் நிறத்தில் மெஷினில் செய்த கண்ணாடிச் சாமான்களை ஓட்ஸ் டப்பாவுக்குள் இலவசமாகப் போட்டார்கள். நம்மூரில் டீத்தூள் பாக்கெட்டோடு டம்ளர் கொடுத்த மாதிரிதான். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் இருந்தது. வேலையும் போய், விளக்கும் மங்கிய சமையலறைகளில் அந்தத் தட்டும் கிண்ணமும்தான் நிறம் என்று இருந்திருக்கும். அந்தக் காலத்துக் கடன் கணக்குகளை விட இந்தக் கிண்ணங்கள் எனக்கு அதிகம் சொல்கின்றன.

இனி ஃபிரோஸாபாத். முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவுக்கு வளையலும் கண்ணாடிச் சாமானும் ஆஸ்திரியா பக்கத்திலிருந்து ஏராளமாக வந்தன. 1914-ல் போர் மூண்டு அந்த வரத்து நின்றதும் உள்ளூர் உலைகளுக்கு யோகம். சுதேசிக் காற்று ஏற்கெனவே வீசிக்கொண்டிருந்தது. மகாராஷ்டிரத்துத் தளேகாவில் ஆளுக்கு ஒரு பைசா வசூலித்து 1908-ல் 'பைசா ஃபண்ட்' கண்ணாடித் தொழிற்சாலையே ஆரம்பித்திருந்தார்கள். (செக்யூரிட்டி கேட்காமல் திரட்டிய மூலதனம்!) அமெரிக்காவில் கார்னிவல் கிளாஸுக்கு மவுசு குறைந்த நேரத்தில், 1930-கள் வாக்கில், ஃபிரோஸாபாத்தில் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் போன்றவர்கள் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். மீன் வடிவத்திலும் கை வடிவத்திலும் பூச்சாடிகள், தண்ணீர் டம்ளர்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இவை இருப்பதே 1990-களில்தான் பரவலாகத் தெரிய வந்தது. நம் கரண்ட் இல்லாத வீடுகளுக்கு அவை ஏன் பொருந்தின என்பதை, கரண்ட் அடிக்கடி போகும் ஒரு வீட்டில் இருந்துகொண்டு நன்றாகவே புரிந்துகொண்டேன்.

தாஜ்மஹாலுக்கும் இதில் பங்கு உண்டு. புகையால் பளிங்கு கெடுகிறது என்று எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வட்டாரத்தில் நிலக்கரி எரித்த 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், அல்லது இடம் பெயர வேண்டும். ஃபிரோஸாபாத் உலைகள் இன்று கேஸில் எரிவது அதனால்தான். எரிவாயு விலை ஏறினால் எங்கள் கணக்குகளிலும் உஷ்ணம் ஏறும்.

உலையை விட எனக்கு மறக்காதது வளையல் ஒட்டும் இடம். சுருளாக வரும் கண்ணாடியை வெட்டி, இரு முனையையும் சின்ன விளக்குச் சுடரில் காட்டி ஒட்ட வேண்டும். பெரும்பாலும் வீடுகளில், பெண்கள் செய்கிறார்கள். நான் எட்டிப் பார்த்த ஒரு வீட்டில் மே மாத வெயிலிலும் ஃபேன் ஓடவில்லை. சுடர் ஆடக்கூடாதாம். ஜன்னல் சாத்தியிருந்தது. என் வீட்டு அடுக்களையை விட இருட்டு. தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக வளையல் குவியல். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் இதற்கெல்லாம் காலம் கிடையாது. அன்று ராத்திரி தங்கமணியிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வண்டியில் அவளும் வந்தாள். அந்த வீட்டு அம்மாவும் அவளும் ஆளுக்கொரு பாஷையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். டிக்கெட் விசாரிப்பு அதோடு நின்றது.

அந்த வருஷம் தீபாவளிக்குக் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தாள். கண்ணாடி டம்ளரில் காபி குடிக்க மாட்டாள், எவர்சில்வர் டவரா டம்ளர்தான். ஷெல்ஃபைப் பார்த்துவிட்டு, "நம்மாத்து அடுக்களையிலே ஓட்டுக்கு நடுவிலே ஒரு கண்ணாடி ஓடு இருந்துதே, ஞாபகம் இருக்கோடா? அது ஒண்ணுதான் எனக்கு வெளிச்சம். முப்பது வருஷம்" என்றாள். எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வெளிச்சக் கட்டம் தரையில் நகர்வதை வைத்து ஸ்கூலுக்கு நேரமாச்சு என்பாள். அவளுக்கு அது ஒன்றுதான் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

இப்போது இருப்பது நாக்பூரில். சமையலறையில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். ஆறு டம்ளரில் நாலு மிச்சம், ஜன்னல் திட்டில் வரிசையாக நிற்கின்றன. காலையில் மேடை முழுக்க நீலமும் பச்சையும் விழுகிறது. பழைய டம்ளர் அந்த வெயிலில் சாதாரணமாகத்தான் தெரிகிறது. தங்கமணி அதை எடுத்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருட்டு மூலை அலமாரியில் வைத்திருக்கிறாள்.