ஓயாமல் ஒலிபரப்பிய இரு கருவிகள்

2019 தொடக்கத்தில், கனடாவின் கால்கரிக்கு வடக்கே உள்ள கார்ஸ்டெர்ஸ் ஊரில், ஒரு மளிகைக் கடையின் வாகன நிறுத்தத்தில் கார்களின் ரிமோட் சாவிகள் வேலை செய்யவில்லை. அதே ஆண்டு வசந்தத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், நார்த் ஓம்ஸ்டெட் நகரின் சில தெருக்களிலும் இதே தொல்லை. அங்கே கராஜ் கதவு ரிமோட்டுகளும் முடங்கின. அருகில் நாசாவின் ஆய்வு மையம் இருந்ததால் பலரின் சந்தேகம் அதன்மேல் விழுந்தது.

கார்ஸ்டெர்ஸில் காரணம், பழுதாகி அலையை விடாமல் பரப்பிய, கடையில் விற்கும் சாதாரண ரிமோட் கார் ஸ்டார்ட்டர். நார்த் ஓம்ஸ்டெட்டில் ஒருவர் தானே செய்த கருவி. கீழ்த்தளத்தில் வேலை செய்யும்போது மாடியில் ஆள் நடமாட்டத்தை அறிய வைத்திருந்தார். அது 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் ஒலித்தது. அமெரிக்காவில் பெரும்பாலான ரிமோட் சாவிகள் பேசுவதும் அந்த அதிர்வெண்ணில்தான்.

ஒன்று பழுது, மற்றது அறியாமை. ஆனால் இரண்டும் செய்த தவறு ஒன்றே: ஓயாமல் பரப்பியது. இவ்வகை ரிமோட் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று விட்ட அமெரிக்க விதி, பொத்தானை விட்ட 5 நொடிக்குள் பரப்பல் நிற்க வேண்டும் என்கிறது. தானே இயங்கும் கருவிக்கும் அதே 5 நொடிதான். குறைந்த சக்தி மட்டும் நம்மைக் காப்பதில்லை என்பதே என் கருத்து. பக்கத்திலிருந்து இடைவிடாமல் வரும் மெல்லிய அலையே சாவியின் குரலை அமுக்கப் போதும்.

தேடலில்தான் இரண்டும் பிரிகின்றன. கனடாவில் அலைக்கற்றையைக் கவனிக்கும் அரசுத் துறை வந்து மூலத்தைக் கண்டுபிடித்தது. ஒஹாயோவில் மின் நிறுவனம் சந்தேக இடங்களில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தது; அலை நிற்கவில்லை. அந்தத் தோல்வியே நல்ல துப்பு: கருவி பேட்டரியில் ஓடியது. கடைசியில் நகர்மன்ற உறுப்பினர் ஒருவரும் தகவல்தொடர்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரும் வீட்டைக் கண்டுபிடித்தனர். பேட்டரியைக் கழற்றியதும் தெருவே சரியானது.

கருவி செய்தவரின் பெயரை நகரம் வெளியிடவில்லை. அது சரியான முடிவு. அலையின் தடம் வாசல்வரைதான் கொண்டுவிடும். உள்ளே விடுவது வீட்டுக்காரர் கையில். அவமானத்துக்கு அஞ்சுபவர் அடுத்த முறை கதவைத் திறக்கமாட்டார்.