மூன்றாம் வகுப்பு

சரித்திரம் என்றதும் மன்னர்களும் போர்க்களங்களும் உங்கள் நினைவுக்கு வரலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு மரப்பலகையைப் பற்றி. நம் நாட்டுப் புகைவண்டிகளில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் அமர்ந்திருந்த பலகை அது.

1856 ஜூலை 1 ஆம் தேதி, தென்னாட்டின் முதல் பிரயாணி வண்டி ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. வழக்கும் வரிப்பாக்கியும் உடையவர்களே தாசில்தார் கச்சேரியை மிதித்த காலம் அது. டிக்கட் ஜன்னலுக்கோ எல்லோரும் வந்தாக வேண்டும். அங்கே சாதிக்கு ஒரு பெட்டி இல்லை. காசுக்கு ஒரு பெட்டி இருந்தது. (ஐரோப்பியருக்கு மட்டும் மூன்றாம் வகுப்பிலும் தனிப்பெட்டி ஒதுக்கியதுண்டு!) பிரயாணிக் கட்டண வருவாயில் பெரும்பகுதியைத் தந்தவர்கள் மூன்றாம் வகுப்பினரே. ஆயினும், அதிகாரிகளின் கண்ணில் அவர்கள் படவில்லை.

1915 இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள், தாமே விரும்பி மூன்றாம் வகுப்பை மேற்கொண்டார். வடக்கே லாகூர், தெற்கே நம் தரங்கம்பாடி வரை அவ்வாறே சென்றார். 1917 செப்டம்பரில் ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஆவேசம் இல்லை, கணக்கு இருக்கிறது. பம்பாயிலிருந்து சென்னைக்குக் கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு இடம். அதுவும் உட்காருவதற்கு மட்டுமே. கழிக்க வேண்டியவையோ இரண்டு இரவுகள். ராய்ச்சூரைத் தாண்டியதும் நெரிசல் பொறுக்க முடியாததாயிற்று. பலகையில் படிந்த அழுக்கு முதல் தேநீர் என்று விற்கப்பட்ட பானம் வரை எல்லாவற்றையும் குறித்திருக்கிறார். ஜனங்களே அசுத்தமானவர்கள் என்ற சமாதானத்தையும் அவர் ஏற்கவில்லை. நிர்வாகத்தின் அலட்சியமே அப்பழக்கத்தை வளர்க்கிறது என்றார்.

நான் கல்லூரியில் படித்த நாளில், கூட்டம் மிகுந்த ஒரு வண்டியில் கதவருகே நின்றபடியே ஓர் இரவைக் கழித்ததுண்டு. அக்கடிதம் எனக்கு நன்கு விளங்கியது அதன் பிறகுதான். வைஸ்ராயும் மகாராஜாக்களும் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது மூன்றாம் வகுப்பில் சென்று பார்க்கட்டும் என்று அவர் அதில் சொல்கிறார். குறும்பான யோசனைதான், ஆனால் நிர்வாக இயலில் இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது.

பிறகு கமிட்டிகள் வந்தன. 1920 இல் நியமிக்கப்பட்ட அக்வொர்த் கமிட்டி, ரயில்வேக்களைச் சர்க்காரே நேரில் நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் யோசனைப்படி 1924 இல் ரயில்வேயின் வரவுசெலவு பொதுக் கணக்கினின்றும் பிரிந்தது. 2017 இல்தான் மீண்டும் இணைந்தது. இவையெல்லாம் பெரிய மாறுதல்களே. பலகை மட்டும் பலகையாகவே இருந்தது.

1974 இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் நீங்கியது. அதில் சென்றவர்கள் இரண்டாம் வகுப்பினர் ஆயினர். பெயரை மாற்ற ஓர் உத்தரவு போதும் அல்லவா? 1977 இல் ரயில்வே மந்திரியாக வந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் மரப்படுக்கைகளுக்கு மெத்தை அமைக்க ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதில் முதல் வகுப்புப் பெட்டியே இணைக்கப்படவில்லை.