வலது மூலை

சென்ற வாரம் மணத்தி கணேசனைப் பற்றி எழுதியிருந்தேன். தாமிரபரணியின் கீழ்ப்பக்கத்தில் பிறந்து, 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடியில் தங்கம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவிய மாரி செல்வராஜின் ‘பைசன்’ படத்துக்குப் பிறகு அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு.

அதைப் படித்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் டீக்கடையில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். “பாடிட்டு வாரவன் பேரத்தான் எல்லாரும் சொல்லுதாவ. அவனப் பிடிச்சுப் போடுதவன யாரு எழுதுதா? நீங்களாவது எழுதுங்கய்யா” என்றார். அவருடைய வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. யாருடைய காலைப் பிடித்தபோது ஒடிந்தது என்று அவருக்கே நினைவில்லை.

எனவே இந்த வாரம் ஒரு பிடிகாரர்: தர்மராஜ் சேரலாதன்.

தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டிக்காரர். 1975-இல் பிறந்தவர். ஆட்டத்தில் அவர் இடம் வலது மூலை. புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. கபடிக்காரர்கள் முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பும் வயது அது. அந்த வயதில்தான் நாடு அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

மூலையில் நிற்பது எப்படிப்பட்ட வேலை? பாடி வருகிறவனுக்கு 30 நொடி. எதிரே ஏழு பேர். போனஸ் புள்ளி எடுக்க அவன் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்து, மறு காலைத் தூக்க வேண்டும். அந்த ஒரு கணம் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். மூலைக்காரர் அதற்காகத்தான் அவ்வளவு நேரம் முழங்காலை மடக்கிக் காத்திருக்கிறார். முகத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவார். இடுப்பையும் பாதத்தையுமே பார்க்க வேண்டும். பாய்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் கவ்வ வேண்டும். குதிகால் அவர் தாடையில் மோதும். பக்கத்தில் நிற்கும் ‘கவர்’ ஆட்டக்காரர் ஓடிவந்து இடுப்பில் விழும்வரை விடக் கூடாது. முந்திப் பாய்ந்தால் ஒரு புள்ளி போய், ஆளும் வெளியே போவார். அமெரிக்கர்களின் ஃபுட்பாலில் பந்தோடு ஓடிவருகிறவனை மோதிச் சாய்க்கும் தடுப்பாட்டக்காரருக்குத் தலைக்கவசமும் தோள்கவசமும் உண்டு. நம்மவருக்கு ஒரு பனியனும் நிஜாரும்தான்.

இந்தக் காத்திருப்பில் சேரலாதனை மிஞ்சிய தமிழர் எவரையும் நான் பார்த்ததில்லை. 2016-இல் லீகில் பாட்னா பைரட்ஸ் அணியின் தலைவர் அவர்தான். அந்த அணியில் பாடிச் செல்வதில் பேர்பெற்ற பர்தீப் நர்வாலுக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. வடநாட்டுப் பையன்களும் அவரை “அண்ணா” என்றே கூப்பிட்டார்கள். ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை வென்று கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். இறுதி ஆட்டத்தில் ஈரானை 38-29 என்று தோற்கடித்த அணி அது.

அதோடு நிற்கவில்லை. 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குத் தலைமை தாங்கினார், 44 வயதில். 2021 டிசம்பரில் தொடங்கிய பருவத்திலும் ஜெய்ப்பூர் சட்டையோடு வந்து நின்றார். காலில் வேகம் குறைந்தாலும் கண் பழகியிருந்தது. பிடிப்பவருக்குக் கண்தான் சொத்து.

2024-இல் தமிழ் தலைவாஸ் அணி அவரை வியூகப் பயிற்சியாளராக அழைத்தது. அப்போது உதயகுமார் தலைமைப் பயிற்சியாளர். தன் காலத்தில் கைவந்த கலையை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம் அவருக்குக் கிடைத்தது.

எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. மின்வாரியம், ரயில்வே, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கியவர்கள் பிழைத்தார்கள். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும், அறுத்த வயலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு ஆடிய பல பிடிகாரர்களுக்கு மிஞ்சியது கோணிய விரலும் முழங்கால் வலியும்தான். பாடியவர் பெயரை மைக்கில் சொன்னார்கள். மூலையில் நின்றவர் பெயர் அன்றிரவோடு போயிற்று.

உங்கள் வீட்டுச் சுவரில் பழைய கபடி அணியின் படம் தொங்கினால், இந்த வாரமே அதை இறக்கி, ஓரத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.